ஃப்ரிட்ஜே, கொஞ்சம் ஓரமாப் போ!

ஐயோ, இதைச் சொல்லாம என்னால இருக்க முடியலைங்க! ஏப்ரல் மாசத்து மத்தியானம், பெங்களூரு காக்ஸ் டவுன்ல கரண்ட் இல்லை, வீலர் ரோடு வெயில்ல நடந்து வந்ததில் சட்டை முதுகோட ஒட்டிக்கிடக்கு. இப்போ ஒரு சொம்புத் தண்ணியை அண்ணாந்து குடிக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க. பல்லு கூசலை, தொண்டை கட்டலை, ஆனா ஜில்லுன்னு நெஞ்சு வரைக்கும் இறங்குது, கூடவே முதல் மழை வாசனை! மண்பானைங்க, வெறும் மண்பானை! சில நூறு ரூபாய்க்கு இப்படி ஒரு சொர்க்கமா?

வாங்கறதுக்கு எங்கேயும் அலைய வேணாம். புலிகேசி நகரைத் தாண்டினா பாட்டரி டவுன். குயவர்கள் சக்கரம் சுத்தின பேட்டைங்கறது பேரிலேயே இருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாரும் அங்கேதான். போனதும் பானையை விரல் கணுவால தட்டணும். 'ணங்'குன்னா நல்லா வெந்தது, 'பொத்'துன்னா விரிசல். நான் வரிசையா எல்லாத்தையும் தட்டி, காதை வெச்சுக் கேட்டு, கச்சேரிக்கு வந்தவன் மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னேன். பார்த்தவங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டுமே! ஆட்டோவில மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஹம்ப்புக்கும் "அண்ணா, மெதுவா, அண்ணா, மெதுவா"ன்னு கத்திக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்க ஊறப்போடுங்க, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. அப்புறம் நிரப்பி, ஒரு பிடி வெட்டிவேர் போட்டு, காத்து வர்ற ஜன்னலோரம் புரிமணை மேல உட்கார வெச்சுட்டுப் பாருங்க, பார்த்துக்கிட்டே இருங்க, நான் அப்படித்தான் வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல பானை வெளியில கருத்து, ஈரம் பூத்து, தொட்டா விரல் சிலிர்க்கும்! கண்ணுக்குத் தெரியாத துளை வழியா தண்ணி கசிஞ்சு, ஆவியாப் போகுது, போகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் தூக்கிக்கிட்டுப் போகுது. கணக்குப்படி ஒரு கிராம் ஆவியானா நூறு கிராம் தண்ணியோட சூடு 5 டிகிரிக்கு மேல இறங்குமாம், கரண்ட் பில் பூஜ்யம்! பெங்களூரு கோடையில காத்து வறண்டு கிடக்கிறதால பானைக்குக் கொண்டாட்டம்; 2016 ஏப்ரல்ல 39.2 டிகிரி கொளுத்தின ஊருங்க இது, இங்கே பானை இல்லாம எப்படி?

மழைக்காலத்துல அவ்வளவு ஜில்லுன்னு இருக்காது, சரி, மழையில யாருக்குங்க ஐஸ் தண்ணி வேணும்? உப்புப் படிஞ்சு துளை அடைச்சா தேங்காய் நாரால தேய்ச்சு வெயில்ல காய வெச்சாப் போதும். சோப்பு மட்டும் தொடவே கூடாது, மண்ணு அதைக் குடிச்சுடும். அதே மண்ணு தயிர்ல இருக்கிற தண்ணியையும் உறிஞ்சிக்குதே, சட்டியைக் கவிழ்த்தாக் கூட விழாதபடி கெட்டியா... ஐயோ, தயிர்ச் சட்டியை ஆரம்பிச்சா விடிஞ்சுடும், நீங்க முதல்ல ஆட்டோவைப் பிடிங்க!