ஐந்து பேர் சேர்ந்து எரித்த உமி

சேரன்மகாதேவியில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். சிவில் என்ஜினீயரிங் படித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி. பண்ணுகிறான். எதில் ஆராய்ச்சி என்று கேட்டால், "உமிச் சாம்பல், மாமா" என்பான்.

சிரிக்காதீர்கள். முதல் தடவை நானும் சிரித்தேன், அப்புறம் அவன் விளக்கினான். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பதமான சூட்டில் எரித்து, நைசாக அரைத்து, சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலந்தால் கான்கிரீட் நல்ல உறுதியாக நிற்கும். சூடு மிஞ்சிவிட்டால் சிலிக்கா படிகமாக இறுகிப்போய் எதற்கும் உதவாது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா என்ற நம் நாட்டுக்காரர் 1970-களிலேயே இதில் பெரிய வேலை செய்திருக்கிறார். பாபநாசம் தொடங்கிக் கீழே கடல் வரைக்கும் நெல்லும் அரிசி ஆலையுமாக இருக்கிற தாமிரபரணிக் கரையில் இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி என்ன இருக்க முடியும்?

போன முறை ஊருக்குப் போனபோது, அச்சில் வந்த தன் கட்டுரையைக் காட்டினான். தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள். ஐந்தாவதாக இவன்.

"மத்த நாலு பேரும் யாருடா?"

"ரெண்டாவது பேரு கைடு. முதல் பேரு துறைத்தலைவர். மூணாவது பிரின்சிபால். நாலாவது ஆளை நானே பார்த்தது இல்ல மாமா. வேற ஊர்ல இருக்காங்க. கைடோட சிநேகிதர். அவங்க கட்டுரையில இவங்க பேரைப் போடுதாங்க, இவங்க கட்டுரையில அவங்க பேரைப் போடுதாங்க."

"சரி, இவங்கள்ல உமி எரிச்சது யாரு?"

பதில் சொல்லாமல் காபியைக் குடித்தான்.

இன்னொன்றும் சொன்னான். கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின நாள் கைடு ஒரு பட்டியல் கொடுத்தாராம். கடைசியில் அடுக்கும் மேற்கோள்களில் இந்த 14-ஐயும் சேர்த்துவிடு என்று. பதினான்கும் கைடும் அவருடைய சிநேகிதர்களும் எழுதியவை. அதில் இரண்டில் உமியும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது.

வாசகர்களே, 'நமக்கென்ன, காலேஜ்காரங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று தரவரிசைப் பட்டியலை விரித்துவைத்துப் பார்க்கிறீர்களே, அந்த வரிசைக்குள் இந்தப் பதினான்கும் இருக்கிறது.

எழுதாதவர் பெயர் கட்டுரையில் ஏறுவது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1975-ல் அமெரிக்காவில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியல் பேராசிரியர் ஒரு கட்டுரையைத் தனி ஆளாக எழுதினார். பழக்கதோஷத்தில் முழுக்க முழுக்க 'நாங்கள்' என்றே டைப் அடித்துவிட்டார். ஒரே ஆசிரியர் என்றால் 'நாங்கள்' கூடாது, இதழ் திருப்பி அனுப்பிவிடும் என்று நண்பர் எச்சரித்தார். திரும்ப டைப் அடிக்கச் சோம்பல். வீட்டில் இருந்த சயாமியப் பூனைக்கு ஒரு கௌரவமான பெயர் சூட்டி இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை உலகின் முக்கியமான இயற்பியல் இதழ் ஒன்றில் வந்தது. அந்தப் பூனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் மிரட்டித் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை.

இந்த மேற்கோள் எண்ணுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது? மூலம் வக்கீல் ஆபீஸ். 1873-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று பட்டியல் போட்டு விற்க ஆரம்பித்தார். பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா, செல்லாதா என்று வக்கீல்கள் பார்ப்பதற்கு. யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் அதே யோசனையை அறிவியலுக்குச் சொன்னார். 1964-ல் அட்டவணையாகவே கொண்டுவந்தார். ஷெப்பர்டிடமிருந்து எடுத்தேன் என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரு கருத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தடம் பிடிக்க உதவும் கருவி. அவ்வளவுதான் நோக்கம்.

அப்புறம் அது ஆளை அளக்கும் தராசு ஆனது. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'ஹெச் இண்டெக்ஸ்' கொண்டுவந்தார். ஒருவர் எழுதியதில் 10 கட்டுரைகள் தலைக்குப் பத்துத் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. ஒரு மனிதனின் முப்பது வருட உழைப்பு, ஆட்டோ மீட்டர் மாதிரி ஒற்றை எண்ணில்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எண் வருவதற்கு முன்னால் நாம் ஒன்றும் சொர்க்கத்தில் இல்லை. சிபாரிசு, சாதி, 'நம்மாளு' என்பதுதான் பல இடங்களில் அளவுகோலாக இருந்தது. எண்ணுக்கு முகம் தெரியாது, அதனால் நியாயம் கிடைக்கும் என்று நம்பினோம். நம்பிக்கை தப்பில்லை. எண்ணைச் சமைக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்காததுதான் தப்பு.

நான் பி.காம். படித்தவன். சிமென்ட் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். கணக்குப் பாஷையில் சொன்னால் மேற்கோள் என்பது கடனை ஒப்புக்கொள்வது. 'இந்த விஷயம் என் சொந்தச் சரக்கு இல்லை, இன்னாரிடம் வாங்கினேன்' என்று என் புத்தகத்தில் நானே எழுதிக்கொள்கிற பொறுப்பு. இன்றைக்கு எல்லோரும் பார்ப்பது எதிர்ப்பக்கத்தை மட்டும்தான். எனக்கு எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை. வரவேண்டிய பாக்கியை மட்டும் கூட்டிக் காட்டி, அதில் உண்மையிலேயே சரக்குக் கைமாறியதா என்று கேட்காதவனை எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

பி.காமில் 'அகாமடேஷன் பில்' என்று ஒரு பாடம் உண்டு. இரண்டு நண்பர்களுக்குள் வியாபாரமே நடந்திருக்காது. ஆனால் ஒருவர் மேல் ஒருவர் பில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேங்க்கில் கொடுத்துப் பணம் வாங்கிவிடுவார்கள். கெடு வருவதற்குள் இன்னொரு பில். பேப்பரில் பார்த்தால் இருவருமே பெரிய வியாபாரிகள். என் மருமகனுடைய கட்டுரையில் இருந்த நான்காவது பெயரும், அந்தப் பதினான்கு மேற்கோளும் இந்த ஜாதி. தனி ஆள்தான் என்றில்லை, இதழ்களே இப்படிச் செய்திருக்கின்றன. 2013-ல் பிரேசிலின் 4 மருத்துவ இதழ்கள் ஒன்றையொன்று தூக்கிவிட்டுக்கொண்டதற்காக மதிப்பெண் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டன.

நம் பக்கத்துச் சேதியும் உண்டு. 2019-ல் 'நேச்சர்' இதழ் ஒரு கணக்கை அலசியது. ஒரு லட்சம் ஆராய்ச்சியாளர்களின் மேற்கோள் கணக்கு. அதில் 250 பேருக்காவது வந்த மேற்கோள்களில் பாதிக்குமேல், அவர்களோ அவர்களுடைய கூட்டாளிகளோ போட்டுக்கொண்டவை. அந்தச் செய்தியில் முதல் உதாரணமாக வந்தவர் சென்னைத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிப் பேராசிரியர். 2017 வரையிலான கணக்கில் அவருக்கு 94 சதவீதம் அப்படி வந்தவை. அதே 2017-ல், மேற்கோள் எண்ணிக்கையையும் பார்த்து அவருக்கு இந்திய அரசின் 20,000 ரூபாய் பரிசும் கிடைத்திருந்தது! தொடர்ச்சியாக ஒரே விஷயத்தில் ஆராய்ச்சி செய்கிறவன் தன் பழைய வேலையைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவருடைய பதில். அதில் நியாயம் உண்டு. நானே போன வாரம் எழுதியதை இந்த வாரம் இழுக்கிறேன். ஆனால் என் பத்தியைப் படிப்பது நான் மட்டும்தான் என்றால், ஆசிரியர் எனக்குச் சம்பளம் கொடுப்பாரா?

பிஎச்.டி. வாங்குவதற்குமுன் கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக்குழு 2022-ல் எடுத்துவிட்டது. விதி போனாலும் வழக்கம் போகவில்லை என்கிறான் மருமகன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்தோம். தாமிரபரணியில் மொத்தம் 8 அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தில், 19-ம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. யாரோ ஒரு கன்னடக்காரர் தனக்குக் கிடைத்த செல்வத்தையெல்லாம் போட்டு இந்தக் கால்வாயை வெட்டினார் என்று கர்ணபரம்பரைக் கதை. அவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை. 'கன்னடியன்', அவ்வளவுதான். கல்லை எங்கே போட்டால் ஆறு திரும்பும் என்று கண்டுபிடித்த மனிதருக்கு ஹெச் இண்டெக்ஸ் பூஜ்யம். தண்ணீர் மட்டும் இன்றைக்கும் வயலுக்குப் போகிறது.

அணைக்கட்டு என்றதும் காவிரிக் கதை ஒன்று ஞாபகம் வந்து அவனிடம் சொன்னேன். ஆர்தர் காட்டன் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரை அணை கட்டினார். ஆழம் காணமுடியாத மணலில் அஸ்திவாரம் நிற்பது எப்படி? கல்லணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அதை அவர் தன் சொந்த மூளை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் காலத்தில் யார் கேட்டிருப்பார்கள்? ஆண்டவர் அவர்கள், அடிமைகள் நாம். ஆனாலும் மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய கட்டுமானக்காரர்களிடம்தான் கற்றோம் என்று எழுதிவைத்தார். நம் 'அணைக்கட்டு' ஆங்கில அகராதியில் 'அனிகட்' ஆகி உட்கார்ந்திருக்கிறது. மேற்கோள் என்றால் எனக்கு இதுதான். எண்ணிக்கை ஒன்றே ஒன்று. சரக்கு உண்மை.

சொல்லிக்கொண்டே வந்தவன், சும்மாதான் கேட்டேன். "ஆமா, சாம்பல் பதமா எரிஞ்சிருக்குன்னு நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"லேப்ல டெஸ்ட் பண்ணித்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஆலையில பாய்லர் பாக்குற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. கறுப்பா இருந்தா வேகல, சாம்பல் நிறத்துல இருந்தா சரி, வெளுத்துப்போனா கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாரு. கையில தேய்ச்சே சொல்லிருவாரு. அவர் சொன்ன மூட்டையத்தான் எடுத்துட்டுப் போவேன். பெரும்பாலும் தப்பினதே இல்ல."

"அவர் பேரு கட்டுரையில எங்க இருக்கு?"

நின்றுவிட்டான். ஐந்து பெயரில் நான்கு தேவையில்லாத பெயர் என்று காலையிலிருந்து புலம்பியவனுக்கு, தேவையான ஒரு பெயர் விட்டுப்போனது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயரை வேண்டாம் என்று எந்த கைடும் சொல்லவில்லை. இவனுக்கே தோன்றவில்லை.

எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றது. எத்தனை டீக்கடை அண்ணாச்சிகளும் பஸ் கண்டக்டர்களும் சொன்னதை வைத்து நான் பத்தி எழுதியிருக்கிறேன்! 'நண்பர் ஒருவர் சொன்னார்' என்றுதான் போட்டிருக்கிறேன்.

கட்டுரை அச்சாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆய்வேடு பாக்கி இருந்தது. நன்றியுரைப் பக்கத்தில், துறைத்தலைவருக்கும் பிரின்சிபாலுக்கும் அப்புறம், அண்ணாச்சியின் பெயரையும் ஆலையில் அவர் செய்த உதவியையும் மூன்று வரி எழுதி, அந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கிறான். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாராம். சந்தோஷப்படுவார் என்று இவன் நின்றுகொண்டிருக்க, அவர் நிமிர்ந்து சொன்னாராம்:

"எல்லாம் சரிதாம்லே. எங்கப்பா இன்ஷியல விட்டுட்டியே?"