எல்லாம் கண்டனம்

பால் விலை ஏறினால் கண்டனம். பஸ் நிற்காமல் போனால் கண்டனம். ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் படையெடுத்தாலும் அதே கண்டனம். இங்கிலீஷில் 'கண்டெம்', 'டெப்ளோர்', 'சென்ஷர்' என்று வெவ்வேறு படிகளில் நிற்கும் சொற்களை நம் பத்திரிகைகள் ஒரே பாயில் உட்காரவைத்துவிட்டன.

'கண்டெம்' நீதிபதியின் சொல். அதற்குள் தீர்ப்பு இருக்கிறது. 'டெப்ளோர்' என்பதன் லத்தீன் வேரில் இருப்பதோ அழுகை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் விவகாரம் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, நகல் தீர்மானத்தில் முதற்சொல்லை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். சீனா எதிர்த்து ஓட்டளிக்காமல் இருக்கவே இந்தத் தணிப்பு என்று அப்போது செய்தி வந்தது. ரஷ்யா வீட்டோவால் தீர்மானத்தை வீழ்த்தியது. சீனாவும் இந்தியாவும் ஐக்கிய அரபு நாடுகளும் ஒதுங்கி நின்றன. அந்தப் பேரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? கண்டனத்தை எடுத்துவிட்டுக் கண்டனத்தைப் போட்டார்கள் என்றா?

'சென்ஷர்' இன்னும் வேடிக்கை. லோக் சபையில் மந்திரிசபைமேல் அதைக் கொண்டுவருகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும்; நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அது தேவையில்லை. (1963 ஆகஸ்டில் நேரு சர்க்கார்மேல் கிருபளானி கொண்டுவந்தது பின்னது.) அதே 'சென்ஷர்', மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கான 1965-ஆம் வருஷத்து விதிகளில் ஆக லேசான தண்டனை. மந்திரியை உலுக்கும் சொல் குமாஸ்தாவுக்கு ஒரு கிள்ளு!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் இதெல்லாம் படிப்பாளியின் பொழுதுபோக்கு அல்ல. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் கையில் இங்கிலீஷ் கடிதம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எச்சரிக்கை என்றால் சூப்பர்வைசரிடம் தலையாட்டிவிட்டு வரலாம். விளக்கம் கேட்கும் நோட்டீஸ் என்றால் கெடுவுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவன் இல்லாமலே விசாரணை நடந்துவிடலாம். "உன்னைத் திட்டியிருக்காங்கடா, அவ்வளவுதான்" என்று அறைத்தோழன் அர்த்தம் சொன்னால், போவது அவன் வேலை.

நம்மிடம் சரக்கு இல்லையா? அம்மா கடிந்துகொள்கிறாள். மாமியார் குத்திக்காட்டுகிறாள். குழாயடியில் ஏசுகிறார்கள். ஊர் பழிக்கிறது, பகைவன் தூற்றுகிறான், தாத்தா முகம் சுளிப்பதோடு சரி. அரசனுக்கு வேண்டிய துணையைப் பற்றிப் பேசும் வள்ளுவர் 'இடித்தல்' என்ற வினையைத் தேர்ந்தெடுத்தார். 'வைதல்' அவருக்குத் தெரியாததல்ல. நல்ல கதைக்காரன் கையில் இவை இடம் மாறி உட்காருவதில்லை. செய்தி எழுதுகிறவர்தான் இத்தனையையும் வீட்டில் வைத்துவிட்டு ஆபீசுக்கு வருகிறார். கேட்டால், தலைப்பில் இடம் போதாது என்பார். 'கண்டித்தது' ஆறு எழுத்து, 'கடிந்தது' ஐந்துதான்.