ரத்த அழுத்தம் பூஜ்யம்

'டேட்டா மைனிங்' என்றதும் மண்வெட்டியைத் தேடாதீர்கள். எண்களைக் கொட்டிவிட்டு, 'இந்த ஆள் எந்த வகை?' என்று கம்ப்யூட்டரைக் கேட்பது அதில் ஒரு பகுதி. 'டிசிஷன் ட்ரீ' டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே போகும். சர்க்கரை இந்த அளவுக்கு மேலா? ஆமாம் என்றால் வயசு? 'நியரஸ்ட் நெய்பர்' இன்னும் சுலபம். உங்கள் எண்கள் யாருடைய எண்களுக்குக் கிட்டே இருக்கின்றனவோ, அவருக்கு வந்த வியாதி உங்களுக்கும் வரும் என்று சொல்லிவிடும்.

இதைப் படிக்கிற மாணவர்களில் பலர் ஒரு தடவையாவது கையில் எடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா பூர்வகுடிப் பெண்கள் 768 பேர். ஆளுக்கு எட்டு எண்கள். ஐந்து வருஷத்துக்குள் சர்க்கரை வியாதி வருமா என்று சொல்ல வேண்டும். 1988-ல் வந்த கட்டுரை 576 பேரை வைத்துக் கற்று, மிச்சம் 192 பேரிடம் பரீட்சித்து, சுமார் 76 சதவீதம் தேறியது. அப்புறம் எத்தனையோ பேர் புதுப்புது முறைகளோடு வந்து, 'எனக்கு ஒரு சதவீதம் அதிகம்' என்று மார்தட்டிக்கொண்டார்கள்.

சரி, ஒரு சின்னக் கணக்கு. 768-ல் 500 பேருக்கு வியாதி இல்லை. எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் 'இல்லை' என்றால் 65 சதவீதம் மார்க்! ஆனால் வியாதி வந்த 268 பேரில் ஒருவரைக்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு விஷயம். பட்டியலில் 35 பெண்களுக்கு ரத்த அழுத்தம் பூஜ்யம். உயிரோடு இருக்கிறவருக்கு அது சாத்தியமில்லை. 374 பேருக்கு, அதாவது ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, இன்சுலினும் பூஜ்யம். அளக்காத இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 'எத்தனை முறை கர்ப்பம்?' என்ற கட்டத்தில் பூஜ்யம் நிஜமான பூஜ்யம். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அளக்கப்படாத இரண்டு பெண்களை அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக்கிவிடும். போதாக்குறைக்கு, இன்சுலின் 846 வரை போகிறது, பரம்பரையைக் குறிக்கும் எண் இரண்டரையைக்கூடத் தாண்டுவதில்லை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் தூரம் கணக்கிட்டால், பாட்டி தாத்தா எல்லாம் காணாமல் போய்விடுவார்கள்.

பரம்பரைக்காவது ஒரு கட்டம் இருக்கிறது. ஹீலா நதிக்கு அதுவும் இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மேலே குடியேறியவர்கள் அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட, பீமாக்களின் விவசாயம் போயிற்று; சாப்பாடும் மாறியது. எந்த அல்காரிதமும் கொடுக்காத எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்காது.

முறைகளில் தப்பில்லை. எண்களை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் முறையிடம் ஓடுவதுதான் தப்பு. நாளைக்கு உங்கள் லோன் விண்ணப்பத்தையோ ரத்தப் பரிசோதனையையோ பார்த்து ஒரு சாஃப்ட்வேர் 'இவர் இந்த வகை' என்றால், '90 சதவீதம் சரியாகச் சொல்லும்' என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எத்தனை சதவீதம் வரும்? பூஜ்யம் என்று போட்டிருக்கும் இடத்தில், நிஜமாகவே அளந்தீர்களா?