பிடியரிசியும் மாயூரத்துக் கஞ்சியும்

தமிழில் முதல் நாவல் எது என்று கேட்டால், மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள்கூட 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) என்று சொல்லிவிடுவார்கள். அதை எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) ஒரு கத்தோலிக்கர் என்பது சிலருக்குத் தெரியும். நாவல் வெளிவருவதற்குச் சற்று முன்புதான் அவர் தம் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார் என்பது பலருக்குத் தெரியாது. எழுத்தாளரைக் கொண்டாடிய நாம் கொடையாளரை மறந்துவிட்டோம். இருவரையும் சேர்த்துப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறிஸ்தவத் தமிழ் இலக்கியம் என்று பேச வருவோர் வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் விரிவாகப் பேசுவார்கள். வேதநாயகரிடம் வரும்போது சற்றே தயங்குவார்கள். தேவமாதா அந்தாதி போன்ற பக்தி நூல்களை அவர் எழுதியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அவருக்குப் புகழ் தேடித்தந்த நாவலின் கதைமாந்தர் இந்துக் குடும்பத்தார். அவருடைய கீர்த்தனை நூலின் பெயரோ 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' (1878). "இதுல கிறிஸ்தவம் எங்கய்யா இருக்கு?" என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் இருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். செலவைக் குறைக்க அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்கிட்டார். உழைக்கிற உடம்புக்கு இது காணாது என்று மருத்துவ அதிகாரி கார்னிஷ் வாதாடினார். அந்த டெம்பிள்தான் 1877-இலேயே நம் பம்பாய்க்குக் கவர்னராக வந்தவர்.

அரசு இப்படிக் கணக்குப் பார்த்த நாட்களில், பணி ஓய்வு பெற்றிருந்த முன்சீப் மாயூரத்தில் கஞ்சி ஊற்றினார். வந்தவர்களிடம் சாதியோ சமயமோ அவர் கேட்கவில்லை. இதைக் கண்டு நெகிழ்ந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார், அவரை மேரு மலையோடு ஒப்பிட்டுப் பாடினார். ஒரு சைவர் ஒரு கிறிஸ்தவரைப் பாடிய பாட்டு அது.

பஞ்சம் தீர வேண்டும் என்று இறைவனிடம் முறையிடும் பாடல்கள் சமரசக் கீர்த்தனைகளில் உள்ளன. எச்சமயத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடும்படி அவை அமைந்திருக்கின்றன. ஒரே வரிசையில் நின்று கஞ்சி வாங்கியவர்களின் வாயில் ஒரே பாட்டு வரவேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம் என்பது என் ஊகம். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நியாயம் தீர்க்கும் அரசர், பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்பதைத்தான் பார்க்கிறார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சமரசக் கீர்த்தனையும் கிறிஸ்தவ நூலே. நீதிநூலில் (1859) கைக்கூலியைக் கண்டித்துப் பாடியவரும் இவரே. லஞ்சம் வாங்காத கைதான் பின்னாளில் கஞ்சி ஊற்றியது. கொடுப்பதற்கு முன்னால் பிறர் பொருளை எடுக்காமல் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் வாழ்க்கையில் காண்கிறோம்.

குறையும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரதாப முதலியார் சரித்திரத்தில் நன்மை பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரியணை ஏறி ஆட்சி நடத்தி ஜனங்களுக்கு நல்லது செய்கிறாள். வாங்குகிறவர்கள் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். இல்லாதவனும் கொடுப்பான் என்கிற விஷயம் நாவலில் அழுத்தம் பெறவில்லை.

அதை நான் கற்றது மாட்டுங்கா லேபர் கேம்பில். நெல்லைச் சீமையிலிருந்து வந்த எங்கள் அம்மா, ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ரேஷன் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். கோயிலுக்கான பிடியரிசி. சோறு பத்தாத நாளிலும் அந்தப் பானையைத் தொட முடியாது. "எடுக்காதல, அது நம்ம அரிசி இல்ல" என்பார்கள்.

2005 ஜூலை 26-ஆம் தேதி மழை கொட்டியது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். எங்கள் சந்தில் தண்ணீர் புகுந்து பல வீடுகளில் அடுப்பு அணைந்தது. அம்மா அந்தப் பானையைக் கவிழ்த்துக் கஞ்சி வைத்து, தமிழர், மராட்டியர், முஸ்லிம் என்று பாராமல் சந்துக்கே ஊற்றினார்கள். "கோயில் அரிசியாச்சேம்மா" என்றேன். "கோயிலுக்குத்தாம்ல குடுக்கேன்" என்றார்கள். அடுத்த ஞாயிறு வெறும் பானையோடு போய்ப் போதகர் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் ஜெபம் பண்ணிப் பானையைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா பிரதாப முதலியார் சரித்திரம் படித்ததில்லை. ஆனால் வேதநாயகர் எழுதாமல் விட்ட ஓர் அத்தியாயம் அம்மாவிடம் இருந்தது என்று நினைக்கிறேன். நம் சங்க மலர்களில் நன்கொடையாளர் பட்டியல் அச்சாகிறது. ஆகட்டும், அதுவும் தேவைதான். பட்டியலில் ஏறாத பிடியரிசிக் கைகளையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.