விலைக்கு வந்த சிப் தடை

2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்க வணிகத் துறை ஒரு விதியைக் கொண்டுவந்தது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் உயர்திறன் சிப்களையும், அவற்றைத் தயாரிக்கும் கருவிகளையும் உரிமமின்றிச் சீனாவுக்கு விற்கக் கூடாது. ராணுவப் பயன்பாட்டையும் மனித உரிமை மீறலையும் காரணமாகச் சொன்னார்கள். அந்தக் காரணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சின்ஜியாங்கில் உய்குர் மக்கள் எத்தகைய கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள் என்பது உலகறிந்தது.

தடை பலிக்கவில்லை என்பவர்கள் சீனாவின் டீப்சீக் நிறுவனத்தைக் காட்டுகிறார்கள். அதன் ஆர்1 மாதிரி வெளிவந்ததும், 2025 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 59,000 கோடி டாலர் சரிந்தது உண்மை. ஆனால் ஆர்1-க்கு அடித்தளமான வி3 மாதிரி 2,048 எச்800 சிப்களில் பயிற்சி பெற்றதாக அந்நிறுவனமே எழுதியிருக்கிறது. அவை 2022 விதிக்குள் அடங்கும்படி, சிப்களுக்கு இடையே தரவு பாயும் வேகத்தைக் குறைத்து, சீனச் சந்தைக்கென்றே என்விடியா செய்தவை. 2023 அக்டோபரில்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. பணம் தங்களுக்குத் தடையல்ல, சிப் தடைதான் சிக்கல் என்று நிறுவனர் லியாங் வென்ஃபெங் 2024இல் பேட்டியளித்தார். தடை உறைத்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உறைத்ததன் மறுவிளைவும் உண்டு. சீன நிறுவனமான ஹுவாவே உள்நாட்டில் தயாரான 7 நானோமீட்டர் சிப்போடு 2023 ஆகஸ்டில் புதிய கைபேசியை இறக்கியது. அதே மாதம், சிப் தயாரிப்புக்குப் பயன்படும் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா விதித்த கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவை. தடையின் அறத்தைக் குலைத்தவர்கள் அதைப் போட்டவர்களே. 2025 ஏப்ரலில் தேசப் பாதுகாப்பின் பெயரால், சீனாவுக்கென என்விடியா செய்த எச்20 சிப்புக்கும் உரிமம் கட்டாயமானது. ஆகஸ்டில், விற்பனை வருவாயில் 15 சதவீதம் அரசுக்குத் தந்தால் விற்கலாம் என்று ஏற்பாடானது. அந்தச் சிப் ஆபத்தானது என்றால், 15 சதவீதம் வாங்கியதால் ஆபத்து குறைந்துவிடுமா? ஆபத்தில்லை என்றால் ஏப்ரலில் ஏன் நிறுத்தினார்கள்? டிசம்பரில் அதைவிடத் திறன்மிக்க எச்200-க்கும் 25 சதவீதத்துக்கு வழிவிடுவதாக டிரம்ப் அறிவித்தார். மனித உரிமையின் பெயரைச் சொல்லித் தொடங்கிய ஒரு கொள்கை வசூலாக மாறியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது இரு ஆட்சிமுறைகளுக்கு இடையிலான கொள்கைப் போர் என்ற வாதமும் இத்தோடு மெலிந்துபோகிறது. பொதுமக்களுக்கான செயற்கை நுண்ணறிவு சோஷலிச விழுமியங்களைப் பின்பற்ற வேண்டும் என்று 2023 முதல் சீனச் சட்டம் சொல்கிறது. தியானன்மென் படுகொலை பற்றிக் கேட்டால் அங்குள்ள செயலிகள் வாய்மூடும். அமெரிக்க அரசு வாங்கும் மாதிரிகளில் ‘வோக்’ எனப்படும் இடதுசாரி அடையாள அரசியல் கருத்துகள் கூடாதென 2025 ஜூலையில் டிரம்ப் ஆணையிட்டார். அது அரசுக் கொள்முதலோடு நிற்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் மாதிரி எப்படிப் பேசவேண்டும் என்று ஆட்சியாளர் கட்டளையிடும் பழக்கம் வாஷிங்டனிலும் தொடங்கிவிட்டது.

இடையில் நசுங்குபவை எதிரணியில் இல்லாத நாடுகள். 2025 ஜனவரியில் பைடன் அரசு உலகை மூன்று அடுக்காகப் பிரித்தபோது, சிப் இறக்குமதிக்கு உச்சவரம்புள்ள நடு அடுக்கில் இந்தியா இருந்தது. மே மாதம் அந்த விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. வைத்ததிலும் எடுத்ததிலும் இந்தியாவின் குரலுக்கு இடமில்லை.