அடைத்த கதவும் வழிமறித்த கையும்

ஆற்றுப்படை நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் முடிவிலேயே கண்வைக்கின்றனர். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துகிறான். ஆகவே வள்ளலின் புகழே நூலின் பொருள் என்பது அவர்தம் துணிபு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை மீண்டும் பயின்றபோது நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்நூலின் உயிர் அரண்மனையில் இல்லை, வழியில் இருக்கிறது. நெடுவழி நடப்போர்க்கு உணவும் உறையுளும் தருவதை இபாதத்தாகக் கருதும் சமுதாயத்தார் நாம். ஆதலின் இதனைச் சற்று நின்று நோக்குவது தகும்.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூல் 269 அடிகளால் ஆனது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காண எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில் செல்லுமாறு பாணன் வழி கூறுகிறான். எயிற்பட்டினத்தை உப்பளங்கள் பரந்த மரக்காணத்தோடும், வேலூரை ஆரோவிலுக்கு வடக்கேயுள்ள உப்புவேலூரோடும், கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் பொருத்திக் காண்பர் அறிஞர்.

வழிகூறத் தொடங்கும் முன் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். கூரை இற்ற அடுக்களை, சுவரெல்லாம் கறையான், புதிதாய் ஈன்ற நாய், பாலற்ற மடியைக் குட்டிகள் பற்றுவதைப் பொறாது குரைக்கிறது. மனைவி குப்பைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டு பழிப்பாரே என நாணிக் கதவை அடைத்துவிட்டு, அந்தக் கீரையையும் சுற்றத்தாரோடு பகிர்ந்துண்கிறாள். பசியினும் கொடியது பசியைப் பிறர் காண்பது என்பதனை இதனினும் கூர்மையாகக் காட்டிய இடம் தமிழில் அரிது.

இனி வழியைக் காண்போம். எயிற்பட்டினத்தில் நுளைமகள் சமைத்த தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் அட்ட புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரிலோ உழவர்குடிப் பெண் வழிப்போக்கரைப் போகவிடாது தடுத்து, வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் படைப்பாள். மூவரும் செல்வர் அல்லர். மீனவரும் வேட்டுவரும் உழவரும் தத்தம் நிலம் தந்ததைத் தருகின்றனர். எவரிடமும் பாணன் கையேந்தவில்லை. ஆமூரில் உணவே வழிமறித்து நிற்கிறது. நாணத்தால் ஒரு பெண் கதவடைத்தாள். அந்த நாணத்தை மூன்று நிலத்துப் பெண்கள் துடைக்கின்றனர். புலவர்க்கும் பொருநர்க்கும் அந்தணர்க்கும் மூடாத நல்லியக்கோடனின் வாயில் அதன் பின்னரே வருகிறது. அம்மன்னன் அருகில் நின்று ஊட்டுவது பெருமையே. ஆனால் அவனை அடையும்வரை பாணனின் உயிரைக் காத்தவர்கள் இவர்கள்.

கள்ளைப் போற்றும் பாட்டு நம் பிள்ளைகளுக்கு எதற்கு என வினவுவோர் நம்மிடையே உண்டு. அவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளவில்லை. தேறல் நமக்கு ஹராம், அதில் ஐயமில்லை. ஆயினும் கொடுக்கப்பட்ட பொருள் வேறு, கொடுத்த மனம் வேறு. இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தனர். அதே எயிற்பட்டினக் கரையில் அலைகள் ஒதுக்கிய மணமிக்க மரங்கள், உறங்கும் ஒட்டகங்களைப்போல் கிடந்தன என்கிறார் புலவர். ஒட்டகத்தை உவமையாக்கிய இக்கடற்கரை நமக்கு அயலாகுமா? ஆற்றுப்படை என்னும் வடிவமும் அயலன்று. 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கத்திற்குப் புலவரை வழிப்படுத்திப் புலவராற்றுப்படை பாடியவர் நம் நாகூர் குலாம் காதிறு நாவலர் அன்றோ!

இப்னு பதூதாவின் பயண நூலை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். 1344இல் அவர் இலங்கையின் பாவா ஆதம் மலைக்குச் சென்றபோது ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும், உணவு சுமக்க 15 ஆட்களும் தந்தான். அத்தீவினர் முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்ததை அவர் நன்றியோடு குறித்துள்ளார். எனினும் அவ்வீடுகளின் அடுப்பங்கரை அவர் நூலில் இல்லை. கட்டுச்சோறு உடையவன் மன்னரைக் காண்கிறான். வெறுங்கையன் அடுப்பைக் காண்கிறான்.

சிறுபாணாற்றுப்படைக்கும் ஒரு குறை உண்டு. மூவேந்தர் தலைநகரங்களும் ஏழு வள்ளல்களின் பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. மீன் சுட்டவளுக்கும் நெல் குற்றியவளுக்கும் பெயரில்லை. நம் ஸியாரத் நூல்களும் இக்குறைக்கு விலக்கல்ல. தர்காவுக்கு மினாரா எழுப்பிய செல்வரின் பெயர் கல்லில் நிற்கிறது. கந்தூரிக்கு நடந்து சென்றவர்க்கு இடைவழியில் கஞ்சி வார்த்த தாயின் பெயரை எவர் எழுதினார்?

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எண்மருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. ஊரில் செல்வனாயினும் வழியில் பொருளற்றவன் ஏழையே என்பது அதன் நுட்பம். 1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டுத் தொடங்கப்பெற்ற ஆரோவிலுக்கு இன்றும் பல தேசத்தார் வருகின்றனர். பணமுடையோர்க்கு அக்கரையில் விடுதிகள் பல உண்டு. பணமற்ற முஸாபிர் ஒருவர் அச்சாலையில் நடந்துவரின், அவர் கேட்குமுன் வழிமறித்து ஊட்டும் கை எது என்பதே நத்தத்தனார் நம்முன் வைக்கும் வினா. அவ்வினாவுக்காகவே இந்நூல் நம் இல்லங்களிலும் பயிலத்தக்கது என்பது நம் கருத்து.