இரட்டை வீணையும் சும்மா இருக்கும் மூளையும்

காரைக்குடி என்றால் வீணைக்காரர்களுக்கு அந்த அண்ணன் தம்பிதான். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசிப்பார். இரண்டு வீணைகளுக்கும் நடுவே ஒரு கம்பிகூடக் கிடையாது. ஒரே வேளையில் எழுவதும் ஒரே வேளையில் தணிவதுமே அவற்றைப் பிணைத்த கயிறு. மூளையைப் பற்றிய ஒரு பேரழகான உண்மையை எனக்கு விளங்கவைத்தது அந்த இரட்டை வீணைதான்.

1995இல் பரத் பிஸ்வால் என்ற இந்திய இளைஞர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவர்களை விரலைத் தட்டச் சொல்லி, மூளையின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் அந்த வேலையைச் செய்யும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டார். பிறகு சும்மா இருக்கச் சொன்னார். விரல் அசையவில்லை, இருந்தும் அந்த இரண்டு இடங்களும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின! இரத்தத்தின் பிராணவாயு மாற்றத்தில் கருவி படித்தெடுத்த அந்த அலை மிக மெல்லியது. ஓர் அலை எழுந்து விழப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். எந்த விளம்ப காலமும் இதற்கு ஈடில்லை. அதுவரை இரைச்சல் என்று ஒதுக்கி வைத்திருந்ததற்குள் இத்தனை நளினமான இசைவு இருந்திருக்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவிடுகிறது என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். அந்த அமைதி எவ்வளவு செழிப்பானது!

இனி இன்னும் நுணுக்கமான ஓர் அழகு. தொடக்கத்தில் சில நிமிடப் பதிவு முழுவதையும் சேர்த்து, எந்த இடமும் எந்த இடமும் எவ்வளவு இசைகின்றன என்று ஒரே எண்ணாகச் சுருக்கினார்கள். ஒரு கச்சேரி முழுவதையும் ஒற்றை ஸ்வரமாகச் சொல்வதுபோல. பிறகுதான் நகரும் சாளரம் வந்தது. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று ஒரு சிறு சட்டத்தைப் பதிவின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். எங்கள் வீட்டு வளவில் முற்றத்து வெயில் ஒரு சதுரமாக விழுந்து, ஆத்தங்குடிக் கற்களின் மேல் ஊர்ந்துகொண்டே போகும். கண்ணாடி மேல் வார்த்தெடுத்த அந்தக் கற்களின் வழவழப்பில், வெயில் எந்தப் பூவின் மேல் நிற்கிறதோ அந்தப் பூ மட்டும் அப்போது சிவக்கும். சாளரத்தின் வழியே பார்க்கையில் மூளையும் அப்படித்தான். கூட்டணிகள் சேர்கின்றன, கலைகின்றன, வேறு துணையோடு மறுபடி சேர்கின்றன.

அந்தக் கற்களின் மேல்தான், மூன்றாவது தூணில் சாய்ந்து, என் அப்பத்தா ஒரு வருடம் போல உட்கார்ந்திருந்தார். "ஒரே நெனப்பே சுத்திச் சுத்தி வருது அப்பு" என்பார். மனச்சோர்வை இதைவிடத் துல்லியமாகச் சொன்னவரை நான் கண்டதில்லை.

2016இல் ரோசலிண்ட் கைசரும் உடன் ஆய்ந்தவர்களும் மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையை நகரும் சாளரம் கொண்டு பார்த்தார்கள். தன்னைப் பற்றிய நினைப்போடு தொடர்புடையது நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்புறத்தில் உள்ள பகுதி. நினைவோடு தொடர்புடைய ஓரிடத்துக்கும் அதற்கும் உள்ள இசைவில் ஏற்ற இறக்கம் குறைந்து, அது இறுகியிருந்தது. ஆனால் இன்சுலா என்னும் மடிப்போடு அதே பகுதி கொண்ட இசைவோ நிலைகொள்ளாமல் கூடுதலாக அலைந்தது. அந்த அலைச்சல் மிகுந்தவர்களிடம் சுற்றிச் சுற்றி வரும் நினைப்பும் மிகுந்திருந்தது. இறுக்கம் ஓரிடம், தள்ளாட்டம் ஓரிடம். எத்தனை நுட்பமான வேறுபாடு! மூளை மந்தமாகிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக இனி யாருக்கும் மனம் வராது.

இன்சுலாவை இன்னும் சற்று நேரம் பார்ப்போம். பக்கவாட்டு மடல்களுக்கு அடியில், மூடிய உள்ளங்கைக்குள் வைத்த பொருள்போல மறைந்து கிடக்கும் புறணி அது. உள்ளே ஓடும் நினைப்பிலிருந்து வெளியே இருக்கும் வேலைக்கு மனத்தைத் திருப்பிவிடுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு என்பது வினோத் மேனன் 2011இல் முன்வைத்த மாதிரி. வீணையில் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு வழுக்கிச் செல்லும் விரலைப் போல எனக்கு அது தோன்றுகிறது.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் சீனாவில் 25 குழுக்கள் சேர்ந்து, 1,300 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்னினைப்போடு தொடர்புடைய வலைப்பின்னலின் உள்ளிசைவு மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்தவர்களிடம் குறைந்திருந்தது. கூடியிருக்கும் என்றுதான் முன்பு பலர் சொல்லியிருந்தார்கள். ஓவியம் இன்னும் தீட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

என் மனத்தை முழுதாகக் கவர்ந்தது 2024இல் சார்ல்ஸ் லிஞ்சும் அவருடைய குழுவும் கண்டது. சிலரையே எடுத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டு வரைகூடத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். மனச்சோர்வு உள்ள பெரும்பாலோரிடம் இன்சுலாவை உள்ளடக்கிய வலைப்பின்னல் ஏறக்குறைய இரு மடங்கு பரப்பில் விரிந்திருந்தது. மனநிலை தேறினாலும் சரிந்தாலும் அந்தப் பரப்பு மாறவில்லை. மாறியது, அந்த வலைப்பின்னலின் இடங்களுக்குள் இருந்த இசைவு. எதிலும் இன்பம் தோன்றாத நாட்களும் மெல்ல இன்பம் திரும்பும் நாட்களும் அந்த இசைவில் தெரிந்தன. வீணையின் குடம் அதேதான். ஒலிப்பது மட்டும் நாளுக்கு நாள் வேறு.

அப்பத்தாவை யாரும் படமெடுக்கவில்லை. மதுரையில் ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சின்னத்தை தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டினாள். மாசி மாதம் ஒரு மதியம், வெயில் சதுரம் தூணருகே வந்து நின்றபோது அப்பத்தா குனிந்து தரையைத் தொட்டார். "இந்தக் கல்லுல இம்புட்டுச் செவப்பு இருந்துச்சா?" என்று கேட்டார்.